காணொளி விளையாட்டுகளில் ஊரும் நகரும்: கடன் மறைந்த வயல்களின் வரலாறு (1989–2020)

ஆய்வுச் சுருக்கம்

நகரைக் கட்டும் விளையாட்டுகளும் ஊரில் வாழும் விளையாட்டுகளும் சில ஆண்டு இடைவெளியில் தோன்றி, தனித்தனி மரபுகளாக வளர்ந்தவை. முதல் மரபில் வரவு செலவுக் கணக்கும் நெருக்கடியும் மையமாக உள்ளன. இரண்டாம் மரபில் பருவமும் அண்டை அயலாரும் மையமாக உள்ளனர். உழவனின் வாழ்வைத் தீர்மானித்த கடன், குத்தகை, கூலி, விலை வீழ்ச்சி ஆகியவை இரண்டாம் மரபில் இடம்பெறாமல் போனமைக்கான வரலாற்றுக் காரணங்களை ஜப்பானிய, அமெரிக்க, ஐரோப்பிய விளையாட்டுகள் சிலவற்றின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச் சொற்கள்: காணொளி விளையாட்டு, சிற்றூர், நகர், வேளாண்மை, கடன், சிம்சிட்டி, ஹார்வெஸ்ட் மூன், ஸ்டார்டியூ வேலி

முன்னுரை

ஊரையும் நகரையும் அடுத்தடுத்து வைத்துப் பாடுவது காப்பிய மரபுக்குப் புதிதன்று. கம்பராமாயணத்தில் நாட்டுப்படலம் முன்னும் நகரப்படலம் பின்னும் அமைந்திருப்பது தமிழாய்வாளர் அறிந்ததே. வயல் விளைந்த பிறகே மாடம் எழும் என்னும் வரிசை அது. ஆங்கில இலக்கியத்தில் இவ்விணையை ஆராய்ந்த ரேமண்ட் வில்லியம்ஸ், 1973இல் வெளியான ‘நாடும் நகரும்’ என்னும் நூலில் வேறொரு சிக்கலை முன்வைத்தார். ஒவ்வொரு தலைமுறையும் நல்ல சிற்றூர் தனக்குச் சற்று முன்னர்தான் மறைந்தது என்று எண்ணுகிறது. அந்த முந்தைய தலைமுறையின் எழுத்தைத் திறந்தால் அதுவும் அதையே சொல்கிறது. ஊரைப் பற்றிய இத்தகைய ஏக்கப் பாடல்களில், வயலில் உழைத்தவரின் உழைப்பு கண்ணுக்குத் தெரியாமல் நீக்கப்பட்டிருப்பதையும் அவர் காட்டினார்.

வில்லியம்ஸ் தம் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டவை கவிதைகளும் புதினங்களும். காணொளி விளையாட்டு அவற்றினின்று ஒரு வகையில் வேறானது. கவிதை உழைப்பை மறைக்கலாம். விளையாட்டோ உழைப்பையே ஆட்டமாக்குகிறது. நிலத்தைக் கொத்தி, விதைத்து, நீர் வார்த்து, அறுவடை செய்யாமல் அதில் ஒரு நாளும் நகராது. எனவே வில்லியம்ஸ் எழுப்பிய வினாவை இங்குச் சற்று மாற்றிக் கேட்க வேண்டியுள்ளது. உழைப்பு மறையவில்லை என்றால், மறைந்தது எது?

மேலிருந்து பார்க்கப்பட்ட நகர்

வில் ரைட் உருவாக்கிய ‘சிம்சிட்டி’ 1989இல் மேக்சிஸ் நிறுவனத்தால் வெளியிடப்பட்டது. அதற்கு முன் 1984இல் அவர் உருவாக்கிய ‘ரெய்டு ஆன் பங்கலிங் பே’ குண்டு வீசும் ஆட்டம். குண்டு வீசுவதைவிட, வீசப்படவிருந்த தீவுகளை வரைவதே தமக்கு மகிழ்ச்சி தந்தது என்று ரைட் பின்னர்க் கூறியுள்ளார். அந்த ஈடுபாட்டுடன் ஜே ஃபாரெஸ்டர் 1969இல் வெளியிட்ட ‘நகர இயக்கவியல்’ என்னும் நூலின் கருத்துகளும் சேர்ந்தபோது சிம்சிட்டி பிறந்தது. நகரைக் குடியிருப்பு, வேலைவாய்ப்பு, வரி ஆகியவற்றின் கணிதத் தொடர்புகளாகக் கண்டவர் ஃபாரெஸ்டர்.

சிம்சிட்டியின் ஆட்டக்காரர் நகரத் தலைவர். அவர் வானிலிருந்து நிலத்தைப் பார்க்கிறார். குடியிருப்பு, வணிகம், தொழில் என நிலத்தை மூன்றாகப் பகுக்கலாம். வேளாண்மைக்கென ஒரு பகுப்பு இல்லை. ஆட்டம் தொடங்கும்போது திரையில் இருப்பவை மண்ணும் மரமும் நீருமே. மரங்களை இயந்திரம் கொண்டு அழித்துவிட்டுச் சாலை போடலாம். அந்நிலம் யாருடையது என்னும் கேள்வி எழுவதே இல்லை. அமெரிக்க நகர்களுக்கு முன்னர் அங்கு வயல்களும் பழங்குடி மக்களின் நிலங்களும் இருந்தன என்பதை இந்த வெற்றுத்திரை அறியாது.

சிற்றூர் என்னும் சொல்லுக்கு இவ்வாட்டத்தில் இடமில்லாமல் இல்லை. மக்கள்தொகை 2000ஐத் தொடாத குடியிருப்பு ‘சிற்றூர்’ எனப்படும். அது வளர்ந்து பேரூராகி, நகராகி, இறுதியில் 5 இலட்சத்தைக் கடந்த பெருநகர்த் தொகுதியாகலாம். அதாவது சிற்றூர் இங்கு ஒரு வாழ்முறையன்று. நகர் இன்னும் அடையாத நிலை. முன்னமைக்கப்பட்ட சூழல்களில் இப்பார்வை வெளிப்படையாகவே உள்ளது. 1906ஆம் ஆண்டின் சான் பிரான்சிஸ்கோவில் நிலநடுக்கம், 1944ஆம் ஆண்டின் ஹாம்பர்க்கில் குண்டுவீச்சு, 1972ஆம் ஆண்டின் டெட்ராய்ட்டில் குற்றங்கள் என ஒவ்வோர் ஊருக்கும் ஒரு பேரிடர் தரப்பட்டுள்ளது. 1900ஆம் ஆண்டைச் சேர்ந்த சிறிய ஊர் ஒன்றும் அவ்வரிசையில் உண்டு. அதன் பெயர் ‘டல்ஸ்வில்’; மந்தபுரி எனலாம். அவ்வூரைத் தாக்கும் பேரிடர், சலிப்பு. 30 ஆண்டுகளில் அதை மாநகராக்குவதே ஆட்டக்காரரின் கடமை. நிலநடுக்கத்தோடும் குண்டுவீச்சோடும் ஒரே பட்டியலில் ஊர்வாழ்வின் மெதுவான நடை வைக்கப்பட்டிருப்பது நகைச்சுவைதான். எனினும் அந்நகைச்சுவை யாருடைய நகைச்சுவை என்பது நோக்கத்தக்கது.

சிம்சிட்டியில் பணம் தீரும். வரியை உயர்த்தினால் மக்கள் வெளியேறுவர். சாலைப் பராமரிப்புக்கு நிதியைக் குறைத்தால் சாலை பெயரும். நகர் தோற்கக்கூடியது என்பதே ஆட்டத்தின் உயிர். பின்வந்த பதிப்புகளில் வேளாண்மை நுழைந்தபோதும் தொழிற்பகுதியின் ஓர் உட்பிரிவாகவே நுழைந்தது. 2003இல் வெளியான ‘சிம்சிட்டி 4’இல் அடர்த்தி குறைந்த தொழிற்பகுப்பே வயல். நகரம் நெருங்கி வர, அவ்வயல்கள் நிலைப்பதில்லை.

நெல் விளையாத ஜப்பானியச் சிற்றூர்

‘போகுஜோ மொனோகதாரி’ 1996 ஆகஸ்டில் சூப்பர் ஃபாமிகாம் கருவிக்காக ஜப்பானில் வெளியாயிற்று. அடுத்த ஆண்டு ‘ஹார்வெஸ்ட் மூன்’ என்னும் பெயரில் ஆங்கிலத்துக்கு வந்தது. இதனை உருவாக்கிய யசுஹிரோ வடா, மியாசாகி மாவட்டத்தின் நாட்டுப்புறத்தில் வளர்ந்து டோக்கியோவுக்குப் பணிக்கு வந்தவர். பெருநகரில் வாழத் தொடங்கிய பின்னரே தாம் விட்டுவந்த ஊரின் அருமை புலப்பட்டது என்றும் அதுவே ஆட்டத்தின் வித்து என்றும் அவர் கூறியுள்ளார்.

இது ஒருவருடைய ஏக்கம் மட்டுமன்று. ஜப்பானில் 1960இல் சுமார் 60 இலட்சமாக இருந்த வேளாண் குடும்பங்கள் 1995இல் சுமார் 34 இலட்சமாகக் குறைந்திருந்தன. மக்கள் வெளியேறி ஊர்கள் வெறிச்சோடியதால், அவற்றுக்கெனத் தனி அவசரச் சட்டமே 1970இல் இயற்றப்பட்டது. வடாவின் தலைமுறை அவ்வெளியேற்றத்தின் தலைமுறை.

ஆட்டத்தின் அமைப்பு எளியது. குடும்பத்தின் வழி வந்த, கவனிப்பாரின்றிக் கிடக்கும் பண்ணையை இளைஞன் ஒருவன் ஏற்கிறான். பருவம் நான்கு, பருவத்துக்கு 30 நாள். விளைந்ததை ஒரு பெட்டியில் இட்டால் மாலை 5 மணிக்கு ஒருவர் வந்து எடுத்துச் செல்வார். தரகர் இல்லை, எடைக்குறைப்பு இல்லை, சந்தையில் வரத்து மிகுந்ததால் விலை விழுந்த கதையும் இல்லை. தக்காளிக்கு இன்று என்ன விலையோ அதே விலைதான் அடுத்த ஆண்டும். புயல் உண்டு, அது பயிரை அழிக்கவும் செய்யும். ஆனால் அவ்வழிவு கடனாக மாறுவதில்லை. கையில் காசு அறவே இல்லாதவனும் மலையில் கிடைக்கும் கீரையையும் கனியையும் பறித்துப் பெட்டியில் இட்டு விதைக்குப் பணம் தேடிக்கொள்ளலாம்.

காலத்தைக் கையாளும் முறையில் இவ்வாட்டம் இன்னும் ஒரு படி செல்கிறது. மாலை 6 மணிக்குக் கடிகாரம் நின்றுவிடும். அதன்பின் ஆட்டக்காரர் விரும்பும்வரை நீர் ஊற்றலாம், கல் பொறுக்கலாம். உறங்கச் சென்றால்தான் மறுநாள் பிறக்கும். பணி முடிந்தும் அலுவலகத்தில் இரவு நீளும் ஒரு நகரத்தாரின் கனவு இது. உழவரின் கனவாக இருந்திருக்க வாய்ப்பு குறைவு.

மற்றொன்று: இந்த ஜப்பானியச் சிற்றூரில் நெல் இல்லை. முள்ளங்கி வகைக் கிழங்கு, உருளைக்கிழங்கு, தக்காளி, மக்காச்சோளம் ஆகிய நான்கே பயிர்கள். மாடும் கோழியும் உண்டு. ‘போகுஜோ’ என்பதற்கே மேய்ச்சற்பண்ணை என்றுதான் பொருள். ஊரில் இருப்பது தேவாலயம். ஜப்பானில் நெல் என்றால் உடனே பாசனக் குழு, கூட்டுறவுச் சங்கம், அரசின் கொள்முதல், 1970களில் தொடங்கிய சாகுபடிப் பரப்புக் குறைப்பு ஆகிய அனைத்தும் உடன் வரும். நெல் என்பது அரசியல். மேனாட்டுச் சாயல் கொண்ட மேய்ச்சற்பண்ணைக்கு அந்தச் சுமை இல்லை. வடா இதைத் திட்டமிட்டுச் செய்தார் எனக் கொள்ள வேண்டியதில்லை. ஏக்கத்துக்கு நெல்வயல் வசதியான இடமன்று என்பதே போதுமான விளக்கம்.

நிலம் மரபுரிமையாகக் கிடைப்பதற்குப் பின்னாலும் ஒரு வரலாறு உண்டு. போருக்குப் பிந்தைய நிலச்சீர்திருத்தத்துக்கு முன் ஜப்பானின் விளைநிலத்தில் ஏறத்தாழப் பாதி குத்தகை நிலம். 1946இல் சட்டமாகி அடுத்த சில ஆண்டுகளில் நிறைவேறிய சீர்திருத்தத்துக்குப் பின் அது ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியது. பாட்டன் விட்டுச் சென்ற சொந்த நிலம் என்பது அத்தலைமுறைக்கு இயல்பாகத் தோன்றியது இச்சீர்திருத்தத்தின் பயனால்தான். சீர்திருத்தத்தின் பயன் ஆட்டத்தில் உள்ளது. சீர்திருத்தத்துக்குக் காரணமான குத்தகையாளர் ஆட்டத்தில் இல்லை. கூலியாளும் இல்லை. 2003இல் வெளியான ‘மினரல் டவுன்’ பதிப்பில் வேலைக்கு உதவ வருபவை குட்டித் தேவதைகள். நட்புப் பாராட்டினால் அவை நீர் ஊற்றும், அறுவடை செய்யும்; கூலி கேட்பதில்லை.

இதே காலத்தின் வேறு ஜப்பானிய ஆட்டங்கள் வயலைக்கூட விட்டுவிட்டு ஊரை மட்டும் எடுத்துக்கொண்டன. 2000இல் வெளியான ‘போகு நோ நாட்சுயாசுமி’ 1975 ஆகஸ்டு மாதத்தின் 31 நாள்களைக் காட்டுகிறது. தாய் நிறைமாதக் கர்ப்பிணியாக இருப்பதால், நாட்டுப்புறத்தில் உள்ள உறவினர் வீட்டில் விடப்படும் சிறுவன் பூச்சி பிடிக்கிறான், மீன் பிடிக்கிறான். அவனுக்குக் கடமை எதுவும் இல்லை. 2001இல் நிண்டெண்டோ வெளியிட்ட ‘டோபுட்சு நோ மோரி’ (பின்னாளில் ‘அனிமல் கிராசிங்’) சிபாவிலிருந்து கியோட்டோவுக்குப் பணிக்கு வந்து குடும்பத்தையும் நண்பரையும் பிரிந்திருந்த கட்சுயா எகுச்சியின் தனிமையில் கருக்கொண்டது. வியப்பாக, அவ்வாட்டத்தில் கடன் உண்டு. வீடு கட்டித்தரும் கடைக்காரருக்கு ஆட்டக்காரர் பணம் தரவேண்டும். ஆனால் வட்டி கிடையாது. தவணைத் தேதி கிடையாது. தராவிட்டால் எதுவும் நேராது. கடன் என்னும் சொல் எஞ்ச, கடனின் பொருள் கழன்றுவிட்டது.

இடர் உள்ள பண்ணைகள்

வேளாண்மையின் பொருளியலைக் காட்டவே இயலாத ஊடகம் இது என்று கருதினால் அது தவறு. சிம்சிட்டியை வெளியிட்ட மேக்சிஸ் நிறுவனமே 1993இல் ‘சிம்ஃபார்ம்’ என்னும் ஆட்டத்தை வெளியிட்டது. நகரத்து உறவினனின் நாட்டுப்புற ஒன்றுவிட்ட சகோதரன் என அதன் துணைத்தலைப்பே உறவுமுறை சொல்கிறது. அதில் வறட்சியும் பூச்சியும் வங்கிக் கடனும் உண்டு. கடனைக் கட்ட முடியாமல் பண்ணை முழுகவும் கூடும். வட்டி உயர்ந்து நிலமதிப்புச் சரிந்து அமெரிக்கக் குடும்பப் பண்ணைகள் பல ஏலத்துக்குப் போன 1980களின் நினைவு ஆறாதிருந்த காலம் அது. ஆயினும் சிம்சிட்டி பெற்ற புகழை அது பெறவில்லை.

ஸ்விட்சர்லாந்தின் ஜயன்ட்ஸ் நிறுவனம் 2008இல் தொடங்கிய ‘ஃபார்மிங் சிமுலேட்டர்’ வரிசையோ பெரும் வெற்றி பெற்றது. இங்குக் கடன் உண்டு, விற்பனை விலை ஏறி இறங்கும், டிராக்டர்கள் உண்மையான நிறுவனங்களின் பெயரோடும் உருவோடும் வருகின்றன. அறுவடை இயந்திரத்தின் வெட்டுமுனை அகலம் வரை அக்கறை காட்டும் இவ்வாட்டத்தின் தொடக்கப் பதிப்புகளில் பெயர் சொல்லிப் பேச ஓர் அயலார் கிடையாது. வேலைக்கு அமர்த்தப்படுபவர் ஒரு பொத்தானை அழுத்தியதும் தோன்றி, வரப்பு முடிந்ததும் மறையும் உரு. ஐரோப்பிய வயல்வெளியின் இயந்திரமயமாக்கத்தை இது ஒருவகையில் நேர்மையாகவே காட்டுகிறது எனலாம்.

இரு மரபுகளையும் அருகருகே வைத்தால் ஒரு முறைமை புலனாகிறது. மனிதர் வாழும் சிற்றூரில் இடர் இல்லை. இடர் உள்ள பண்ணையில் மனிதர் இல்லை. கடன்பட்ட ஒருவருக்குத் திருமணம் தள்ளிப்போவதும், குத்தகை பறிபோன குடும்பம் திருவிழாவுக்கு வராமலிருப்பதும் இரண்டிலும் நிகழ முடியாது.

நகரத்தை மையமாகக் கொண்ட சாகச ஆட்டங்களில் நாட்டுப்புறம் பெறும் இடத்தை இங்கு விரிவாகப் பேச வேண்டியதில்லை. 2004இல் வெளியான ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ: சான் ஆண்ட்ரியாஸ்’ தன் நாயகனைத் தண்டனையாகக் கொண்டுபோய் விடும் இடம் நாட்டுப்புறம் என்பது ஒன்றே போதும்.

அலுவலக மேசையில் ஒரு வயல்

2008, 2009ஆம் ஆண்டுகளில் வயல் சமூக வலைத்தளங்களுக்குள் வந்தது. சீனாவில் ‘மகிழ்ச்சிப் பண்ணை’ பரவியபோது, அண்டை வயலின் காய்கறியைத் திருடுவதற்காக நகர அலுவலர்கள் இரவில் விழித்தெழுந்தனர். காய் திருடுதல் என்பது அங்கு ஒரு வழக்குச் சொல்லாகவே ஆயிற்று. ஸிங்கா நிறுவனம் 2009 ஜூனில் வெளியிட்ட ‘ஃபார்ம்வில்’, அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் மாதம் 8 கோடிப் பேருக்கும் மேல் விளையாடும் ஆட்டமாக இருந்தது. அதில் ஸ்ட்ராபெரி 4 மணி நேரத்தில் பழுக்கும். உரிய நேரத்தில் திரும்பி வராவிட்டால் வாடும். வாடியதை மீட்கவும் காத்திருப்பைத் தவிர்க்கவும் உண்மைப் பணம் செலுத்தலாம்.

வடாவின் ஊரில் நின்றுபோன கடிகாரம் இங்கு நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டது. ஊர்வாழ்வின் நிதானத்தை விரும்பி வந்தவரிடமே அவசரம் விற்கப்பட்டது. இடரற்ற வயலுக்குள் இடர் திரும்பி வந்த முதல் வழி இது. ஆனால் அதை அனுபவித்தவர் கதையுள் வரும் உழவர் அல்லர், திரைக்கு முன் இருந்த நகரத்தார். ஃபார்ம்வில் 2020 டிசம்பர் 31 அன்று மூடப்பட்டது. அதைத் தாங்கிய ஃபிளாஷ் தொழில்நுட்பம் அன்றோடு கைவிடப்பட்டதே உடனடிக் காரணம்.

ஸ்டார்டியூ வேலியின் பாதி ஒப்புதல்

ஊர் ஆட்டங்களுக்குள் பொருளியலைக் கொண்டுவர முயன்றவற்றுள் 2008இன் ‘பெர்சோனா 4’ முன்னோடி. இனாபா என்னும் கற்பனைச் சிற்றூரில் ஜூனஸ் என்னும் பேரங்காடி வந்ததால் பழைய கடைத்தெரு அடங்கிப்போயிருக்கிறது. பெருங்கடைகளைக் கட்டுப்படுத்திய சட்டம் 2000இல் ஜப்பானில் நீக்கப்பட்டதையும், அதையொட்டிக் கதவிழுத்த கடைத்தெருக்கள் பெருகியதையும் அறிந்தவருக்கு இச்சித்திரிப்பின் கூர்மை விளங்கும்.

எரிக் பரோன் நான்கு ஆண்டுகளுக்கும் மேலாகத் தனியொருவராக உழைத்து 2016 பிப்ரவரியில் வெளியிட்ட ‘ஸ்டார்டியூ வேலி’ ஹார்வெஸ்ட் மூனின் நேரடி வாரிசு. 2024 தொடக்கத்துக்குள் அதன் விற்பனை 3 கோடிப் படிகளைத் தொட்டது. ஆட்டம் ஜோஜா என்னும் பெருநிறுவனத்தின் அலுவலகத்தில் தொடங்குகிறது. சோர்ந்த ஊழியர் பாட்டனாரின் கடிதத்தைப் பிரித்து, பண்ணைக்குப் புறப்படுகிறார். அவர் போய்ச் சேரும் ஊர் முந்தைய ஊர்களைப் போலத் துயரற்றதன்று. பேருந்து பழுதானதால் வேலை இழந்த ஓட்டுநர் பாம் மதுவில் மூழ்கியிருக்கிறார். ஷேன் ஜோஜாவின் அங்காடியில் வேலைசெய்தபடி வாழ்வில் வெறுப்புற்றிருக்கிறான். ஊர்ச் சமுதாயக்கூடம் இடிந்து கிடக்கிறது. அதைச் சீரமைக்கலாம், அல்லது 5000 காசு கட்டி ஜோஜாவில் உறுப்பினராகி அக்கூடத்தைக் கிடங்காக மாறவிடலாம். தேர்வு ஆட்டக்காரருடையது.

முந்தைய மரபு மூடி வைத்திருந்த ஒன்றை இவ்வாட்டம் திறந்துள்ளது என்பதில் ஐயமில்லை. எனினும் எது வரை என்பதைக் கவனிக்க வேண்டும். வறுமை பாமின் கூண்டு வண்டி வீட்டில் இருக்கிறது. ஆட்டக்காரரின் வயலில் இல்லை. ஊரில் வேலையின்மை உண்டு, ஆனால் ஊரின் மிகப்பெரிய நிலத்தை உடைய ஆட்டக்காரர், கடனின்றி, வரியின்றி ஆண்டுதோறும் செல்வராகிறார். பாமை அவர் கூலிக்கு அமர்த்த முடியாது. பரிசு கொடுக்க முடியும். ஊரின் துன்பத்துக்கு மருந்தாக ஆட்டம் வழங்குவது ஈகை. நிலவுடைமையாளரின் ஈகையால் ஊர் தழைக்கும் என்னும் இப்படிமம், வில்லியம்ஸ் ஆராய்ந்த பதினேழாம் நூற்றாண்டு ஆங்கில மாளிகைப் பாடல்களுக்கு அந்நியமானதன்று.

மீண்டும் நெல்

நெல் இல்லாத சிற்றூரில் தொடங்கிய ஜப்பானிய மரபு, 2020 நவம்பரில் வெளியான ‘சகுனா’வில் நெல்லுக்கு வந்து சேர்ந்தது. ஈடல்வைஸ் என்னும் சிறு குழு உருவாக்கிய இவ்வாட்டத்தில், தலைநகரில் சொகுசாக வாழ்ந்த பெண் தெய்வம் ஒன்று தண்டனையாகப் பேய்கள் திரியும் தீவுக்கு அனுப்பப்படுகிறது. நகரிலிருந்து புறப்பட்டு வயலுக்கு வரும் பழைய வழித்தடமே இதுவும். ஆனால் வேளாண்மை இங்கு ஒரு பொத்தானில் முடிவதில்லை. விதைநெல் தெரிதல், உழவு, நடவின் இடைவெளி, நீர்மட்டம், எரு, களை, கதிர் உலர்த்தல், போரடித்தல், உமி நீக்கல் என ஒவ்வொன்றும் தனித்தனி வேலை. ஒவ்வொன்றும் அரிசியின் சுவையையும் அளவையும் மாற்றும். அதன் வழித் தெய்வத்தின் வலிமையையும் மாற்றும். ஐயம் நேர்ந்த ஆட்டக்காரர்கள் ஜப்பானிய வேளாண் அமைச்சகத்தின் இணையப் பக்கங்களைத் தேடிப் படித்தது அந்நாட்டு இதழ்களில் பேசப்பட்டது. நெற்பரப்பைக் குறைக்க அரசு விளைச்சல் ஒதுக்கீடு செய்துவந்த முறை 2018இல்தான் முடிவுக்கு வந்திருந்தது.

தொழில்நுணுக்கத்தில் இதை மிஞ்சிய ஊர் ஆட்டம் அதற்கு முன் இல்லை எனலாம். நிலவுடைமையைப் பொறுத்தவரை நிலைமை வேறு. தீவு பேய்களுடையது, உரிமை கோர மனிதர் எவரும் இல்லாத நிலம். எனவே குத்தகை என்னும் பேச்சுக்கு இடமில்லை. விளைச்சல் பெரிதும் வீட்டு உணவுக்கே ஆகிறது. தெய்வத்தோடு தீவில் வந்து சிக்கிய மனிதர் ஐவர்; அவர்களுள் தௌவெமோன் மட்டுமே உழவை ஓரளவு அறிந்தவன். வயல் தெய்வத்தின் பொறுப்பில் உள்ளது. ஐவரும் தத்தம் பங்குக்கு நெய்கிறார்கள், இரும்பு அடிக்கிறார்கள், சமைக்கிறார்கள். யாருக்கும் கூலி பேசப்படுவதில்லை. ஒவ்வோர் இரவும் அனைவரும் ஒரே அடுப்பைச் சுற்றி அமர்ந்து, அவ்வாண்டு விளைந்த அரிசியை உண்கிறார்கள்.